கொட்டகையில் ஆறு நாள் இருந்த வாளி

கடைக்காரர் மூன்று டப்பாக்களைத் திறந்து மேசைமேல் வைத்தார். ஒவ்வொன்றிலிருந்தும் நாலைந்து பார்லி மணிகளை எடுத்து என் உள்ளங்கையில் போட்டார். மென்று பார், பிறகு நிறுக்கிறேன் என்றார்.

முதல் மணி பல்லில் பட்டதும் உடைந்தது. உள்ளே வெள்ளை மாவு. பிஸ்கட்டில் இருப்பது போன்ற இனிப்பு மெல்லக் கூடிக்கொண்டு வந்தது. இரண்டாவது உடையவில்லை. நமத்துப்போன பொரி மாதிரி வளைந்தது. மூன்றாவது கருஞ்சிவப்பு. பல்லில் ஒட்டிக்கொண்டு, சர்க்கரை தீய்ந்த வாசம் விட்டது.

"இரண்டாவது ஈரம் குடித்திருக்கிறது" என்றேன்.

அவர் அந்த டப்பாவை மூடி மேசைக்கு அடியில் தள்ளினார். என்னைச் சோதித்தாரா, விற்கப் பார்த்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

லண்டனின் தெற்கு ஓரத்தில் நான் குடியிருந்த சட்டனிலிருந்து ரயிலில் சில நிறுத்தங்கள் தள்ளி, சலவைக் கடைக்கும் சாவி வெட்டும் கடைக்கும் நடுவே இருந்தது அந்தக் கடை. வீட்டில் பியர் காய்ச்சுபவர்களுக்கான சாமான்கள் மட்டுமே விற்கும். ஒரு ஹீட்டர், ஒரு தராசு, ஒரு முதியவர். நான் கோட்டைக் கழற்றவே இல்லை. கையில் வாங்க வேண்டியவற்றின் பட்டியல். அது ஏழாவது பட்டியல். முதல் ஆறையும் ரயிலில் வைத்தே அடித்துத் திருத்தி எழுதியிருந்தேன்.

அந்த மாதங்களில் என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. ரயிலில் இருக்கை காலியாக இருந்தாலும் கதவருகே நிற்பேன். தேநீர் போடுவேன், குடிக்க மறப்பேன்.

காரணம் எளியது. கிழக்கு லண்டனில் நான் வேலை பார்த்த நீர்ப் பரிசோதனைக் கூடத்தை வடக்கே வேறொரு ஊருக்கு மாற்றினார்கள். கருவிகளைக் கொண்டுபோனார்கள், என் பதவியை ரத்து செய்தார்கள். பேராக்கிலிருந்து வேதியியல் படிக்க வந்தவள் நான். இன்னொரு நிறுவனம் வேலை தந்து, விசாவுக்கும் எழுதிக் கொடுத்தால் இருக்கலாம். இல்லையென்றால் ஆண்டு முடிவதற்குள் மலேசியாவுக்கு விமானம் ஏற வேண்டும்.

செய்தித்தாள் சோதனை

ஆற்றுக்குத் தெற்கே ஒரு சிறிய பியர் ஆலையில் ஆள் தேவை என்று விளம்பரம் வந்தது. பாதி நேரம் ஆய்வுக்கூடம், பாதி நேரம் காய்ச்சும் வேலை. ஆலையின் உரிமையாளர் தாடிக்காரர், ரப்பர் பூட்ஸோடுதான் நேர்காணலுக்கே வந்தார். என் சான்றிதழ்களை இரண்டு நிமிடத்தில் பார்த்து முடித்தார்.

உனக்கு அளக்கத் தெரியும் என்று இது சொல்கிறது, தேர்ந்தெடுக்கத் தெரியுமா என்று நான் பார்க்க வேண்டும் என்றார். நீயே காய்ச்சிய பியர் ஆறு போத்தல் கொண்டு வா. வெளிர் நிறம்தான் வேண்டும். கண்ணாடிக் குவளைக்குப் பின்னால் செய்தித்தாளை வைப்பேன், என்னால் வாசிக்க முடிய வேண்டும். கூடவே ஒரு பட்டியல் கொண்டு வா. என்ன சேர்த்தாய், எங்கே வாங்கினாய், ஏன் அதை வாங்கினாய்.

நான்கு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமையைக் குறித்தார்.

சரி என்றேன். மாணவியாக இருந்தபோது கிழக்கு லண்டன் குட்மேய்ஸில் இருந்த வீட்டில், தோழிகளோடு சேர்ந்து, தகர டப்பாவில் வரும் பார்லிப் பாகைக் கரைத்து ஒரே ஒரு முறை பியர் செய்திருக்கிறேன். பாத்திரம் கழுவிய தண்ணீர் போல் இருந்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஏன் வெளிர் பியர் கேட்டார் என்பது ரயிலில்தான் உறைத்தது. லண்டன் குழாய்த் தண்ணீரை நான் இரண்டு வருடம் தினமும் அளந்திருக்கிறேன். சுண்ணாம்பு மிகுந்த தண்ணீர். கறுப்பு பியருக்கு அது பொருத்தம்; வறுத்த தானியத்தின் புளிப்பு அதைச் சமன் செய்துவிடும். கறுப்பில் கலங்கலும் தெரியாது. வெளிர் பியருக்கோ இந்தத் தண்ணீர் எதிரி. அவர் எனக்கு ஒளிந்துகொள்ள இடம் வைக்கவில்லை.

ஆகவே பட்டியலின் முதல் வரி, காசு கொடுத்து வாங்காத பொருள்: தண்ணீர். முதல் நாளே கொதிக்க வைத்து ஆறவிட வேண்டும். சுண்ணாம்பு அடியில் படியும். மேல்தண்ணீரை மட்டும் மெதுவாக வடித்தெடுக்க வேண்டும்.

உள்ளங்கையில் தேய்த்தது

நான் தொடங்கிய கடைக் கதைக்குத் திரும்புகிறேன்.

மால்ட் என்கிற முளைகட்டிக் காயவைத்த பார்லியில் முதல் டப்பாவிலிருந்து இரண்டு கிலோ, மூன்றாவதிலிருந்து நிறத்துக்கு ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டேன். பத்து லிட்டருக்கு அது போதும். அரைத்துத் தரட்டுமா என்றார். என் கண்முன் அரைத்தால் சரி என்றேன். உமி கிழியாமல் மணி மட்டும் உடைய வேண்டும். உமிதான் பிறகு வடிகட்டியாக வேலை செய்யும்.

அடுத்தது ஹாப்ஸ். கசப்புக்கும் வாசத்துக்கும் போடும் காய்ந்த பூ. அவர் இரண்டு பொட்டலங்கள் எடுத்து வைத்தார். இரண்டும் ஒரே ரகம், ஒரே பெயர். ஒன்று பளபளப்பான தாளில் இறுக்கமாக இருந்தது. இன்னொன்று சாதாரண பிளாஸ்டிக்கில், உள்ளே காற்றோடு. ஒவ்வொன்றிலும் ஒரு பூவை எடுத்து உள்ளங்கைகளுக்கு நடுவே தேய்த்தேன். பிளாஸ்டிக்கில் இருந்தது பழைய பாலாடைக்கட்டி போல் நாறியது. மற்றது கசக்கிய எலுமிச்சை இலை, ஈரமண், கடைசியில் கொஞ்சம் வேப்பம்பூ. கையில் மஞ்சள் பிசின் ஒட்டியது. திரும்பி வரும்போது ரயிலில் என் பக்கத்தில் இருந்த பெண் இரண்டு முறை என் கையைப் பார்த்துவிட்டு வேறு இருக்கைக்குப் போனாள்.

ஈஸ்ட் பொட்டலங்களை ஹீட்டருக்கு மேலிருந்த தட்டில் அடுக்கி வைத்திருந்தார். ஈஸ்ட் உயிருள்ள பொருள். சூட்டில் இருந்தால் பாதி செத்திருக்கும்.

"ஃபிரிட்ஜில் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

முதல்முறையாக அவர் சிரித்தார். பின்னால் போய், தன் பாலுக்கும் சாண்ட்விச்சுக்கும் நடுவிலிருந்து ஒன்றை எடுத்து வந்தார்.

கடைசியாக ஒரு சின்னக் குப்பி. தெளிவிப்பான். காய்ந்த மீனின் காற்றுப்பையைக் கரைத்துச் செய்வது. இந்த நாட்டில் பியர் தெளிவாக இருப்பதற்கு அதுதான் பழைய வழி. ஒரு கரண்டி விட்டால் மிதக்கும் ஈஸ்ட்டையெல்லாம் பிடித்து இழுத்துக்கொண்டு அடியில் போய் உட்காரும். இரண்டே நாளில் கண்ணாடி மாதிரித் தெளியும் என்றார் கடைக்காரர். குளிரில் வைத்திரு என்றும் சொன்னார்.

செய்தித்தாளை வாசிக்க வைக்கப் போவது அந்தக் குப்பிதான் என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

பனங்கட்டி

போத்தலில் அடைக்கும்போது கொஞ்சம் சர்க்கரை சேர்க்க வேண்டும். அதை ஈஸ்ட் தின்றுதான் நுரை உண்டாகும். என்ன சர்க்கரை என்பதற்காக மட்டும் விம்பிள்டனில் உள்ள தமிழ்க் கடைக்குப் போனேன். எங்கள் ஊர் தென்னங்கருப்பட்டியான குலா மெலாக்கா கிடைக்குமா என்று பார்க்க ஆசை. பனங்கட்டி என்கிற யாழ்ப்பாணக் கருப்பட்டிதான் இருந்தது, குட்டான் என்கிற சின்ன ஓலைப்பெட்டியில்.

"என்ன தங்கச்சி, புக்கைக்கோ?" என்று கேட்டார் கல்லாவில் இருந்தவர். புக்கை என்றால் பொங்கல்.

"இல்லண்ணே. பியருக்கு."

அவர் குட்டானையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "உதை உங்கடை அவருக்குச் செய்யிறியளோ?"

"எனக்கு வேலை கிடைக்கிறதுக்கு."

"பியர் குடுத்தோ வேலை எடுக்கிறது? நான் சும்மா விண்ணப்பம் போட்டுத் திரிஞ்சிருக்கிறன்."

ரயிலில் வரும்போது யோசித்தேன். பனங்கட்டியில் மாவும் தூசும் இருக்கும், கலங்கும். வெள்ளைச் சர்க்கரைதான் சரி. பட்டியலில் பனங்கட்டியை அடித்தேன். சட்டன் வருவதற்குள் அதில் பாதியைக் கடித்துத் தின்றிருந்தேன்.

அம்மாவிடம் அந்த ஞாயிறு தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன். அவர் வேலை பார்த்த தோட்டத்தில், சம்பள நாள் மாலையில் கள்ளுக்கடை வாசலில் நின்று கணவர்களைக் கூட்டிவந்த பெண்களைப் பார்த்தவர் அவர்.

"அதுக்குத்தான் இவ்ளோ படிச்சியா?" என்றார்.

"லேப் வேலைதாம்மா."

"எதை லேப்ல பாப்ப?"

நான் ஈஸ்ட்டைப் பற்றி விளக்கினேன். அவர், சாப்பிட்டாயா என்று கேட்டார்.

குப்பியில் ஒட்டிய தாள்

சட்டனில் நான் வாடகைக்கு இருந்தது புவனா அக்கா வீட்டில். யாழ்ப்பாணத்துக்காரர்கள். அக்காவுக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அவர் கணவர் தயா அண்ணை பஸ் ஓட்டுகிறார். என் அறையில் பியர் காய்ச்சப் போகிறேன் என்று தயங்கித் தயங்கிக் கேட்டபோது, அக்கா ஒரே கேள்விதான் கேட்டார்: "கம்பளம் பழுதாகுமோ?"

காய்ச்சினேன். வாளியில் ஊற்றி ஈஸ்ட்டைத் தூவி மூடினேன். எட்டு நாள் அது என் கட்டிலருகே குமிழி விட்டது. ஒன்பதாம் நாள் தெளிவிப்பான் விட வேண்டும். பதினோராம் நாள் போத்தலில் அடைக்க வேண்டும். பிறகு பதினான்கு நாள் போத்தலில் இருக்கும். திங்கட்கிழமை வந்துவிடும். எல்லா நாளையும் எண்ணி வைத்திருந்தேன்.

ஆய்வுக்கூடத்தில் பெயர் எழுதாத குப்பி குப்பைக்குப் போகும். அந்தப் பழக்கம். ஃபிரிட்ஜில் வைத்த எல்லாவற்றிலும் தாள் ஒட்டினேன். அக்காவுக்குப் புரியட்டும் என்று தமிழில்.

ஒன்பதாம் நாள் காலை சமையலறையில் ஒரே சத்தம். ஃபிரிட்ஜ் திறந்தபடி, வெறுமையாக இருந்தது. உறைந்த மீன் பொதிகள் ஒரு பையில், பக்கத்து வீட்டுக்குப் போகத் தயாராக. சட்டி பானையெல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தது. அடுத்த நாள் கந்தசஷ்டி விரதம் தொடக்கம். என் ஏழு பட்டியல்களிலும் அது இல்லை. சமையலறைச் சுவரில் தமிழ் நாட்காட்டி தொங்கியது. நான் தினமும் அதன் கீழே நின்றுதான் தேநீர் போட்டேன்.

"மாலா, இஞ்சை ஒருக்கா வாரும்." அக்காவின் கையில் என் குப்பி. "உதிலை என்ன எழுதியிருக்கிறீர்?"

வாசித்தேன். "தெளிவிப்பான். மீனின் காற்றுப்பையிலிருந்து செய்தது. தொட வேண்டாம்."

"நான் தொட்டிட்டன்."

"இது மீன் இல்லக்கா. காத்துப்பை. அதையும் காயவெச்சு, அமிலத்துல கரைச்சு..."

"பையெண்டாலென்ன, பல்லெண்டாலென்ன. நாளையிலயிருந்து ஆறு நாளைக்கு இந்த வீட்டிலை மீன், மச்சம் ஒண்டும் இல்லை."

"அப்ப பியர்?"

"அதுக்கென்ன? குடிச்சாத்தானே பிழை. அது தன்ரை பாட்டிலை புளிக்கட்டும். தோசை மாவும்தான் புளிக்குது."

"ஒரு கரண்டிதான்க்கா விடணும்."

"ஒரு கரண்டி விட்டாலும் வாளி முழுக்க மீன் குழம்பு." பிறகு குப்பியை என் கையிலேயே தந்தார். "நல்ல காலம், நீர் எழுதி ஒட்டியிருந்தனீர். இல்லாட்டி நான் கறிக்கு விடுற எசன்ஸ் எண்டு நினைச்சிருப்பன்."

குப்பியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு சட்டன் கடைத்தெருவை இரண்டு முறை மேலும் கீழும் நடந்தேன். அறைக்குப் போய்க் கதவைச் சாத்தி ஒரு கரண்டி விட்டால் யாருக்குத் தெரியும்? விடாவிட்டால் செய்தித்தாள் தெரியாது. செய்தித்தாள் தெரியாவிட்டால் விசா இல்லை.

மூன்றாவது முறை நடக்கும்போது குப்பியை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்தை வாசித்து, என்னை நம்பித்தான் அக்கா அதை என் கையிலேயே தந்திருந்தார். நூலகத்துக்கு எதிரே இருந்த குப்பைத் தொட்டியில் அதைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

கோடு

வழி சொன்னது தயா அண்ணை. "ஷெட்டுக்கை வையும் பிள்ளை. அங்கை இப்ப ஐஸ் மாதிரிக் கிடக்கு."

அது சரிதான். குளிரில் ஈஸ்ட் உறங்கிப்போய்த் தானாகவே அடியில் இறங்கும். தெளிவிப்பான் இரண்டு நாளில் செய்வதைக் குளிர் ஆறு நாளில் செய்யலாம், செய்யாமலும் போகலாம். போத்தலில் இருக்கும் நாள் பதினான்கிலிருந்து ஒன்பதாகும். நுரை குறையும்.

தோட்டத்துக் கொட்டகையில், புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வாளியை வைத்தோம். சாவி தயா அண்ணையிடம்.

இதைச் சொல்ல எனக்கு இன்னும் கூச்சம். வாளியை வைத்துவிட்டு வெளியே வருவதற்கு முன், அழியாத மையில், பியர் நிற்கும் மட்டத்தில் ஒரு கோடு போட்டேன். ஆய்வுக்கூடப் பழக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், சனிக்கிழமைகளில் தயா அண்ணை கொட்டகையில் எதையாவது தேடப் போவதும், சிவந்த கண்ணோடு திரும்புவதும் எனக்குத் தெரியும்.

அவர் பார்த்துவிட்டார். வாளியின் பக்கத்தில் குனிந்து, விரலால் அந்தக் கோட்டைத் தடவினார்.

"கோடு போட்டிருக்கிறீர்."

"லேப்ல பழக்கம்ண்ணே."

"ஓம், ஓம்" என்றார். சிரிக்கவில்லை.

அந்த ஆறு நாளும் அவரும் விரதம். ஒரு நேரம் பாலும் பழமும். அதோடு பஸ்ஸையும் ஓட்டினார். தினமும் வேலைக்குப் போகுமுன் கொட்டகையைத் திறந்து பார்த்துவிட்டு வந்து, சமையலறை வாசலில் நின்று எனக்கு அறிக்கை கொடுப்பார். "கோட்டிலைதான் நிக்குது."

இரண்டாம் நாளும் அதே வாசகம். மூன்றாம் நாளும். அக்கா என்னைப் பார்ப்பார். நான் தேநீர்க் கோப்பையைப் பார்ப்பேன்.

நான்காம் நாள் சொன்னேன், "அண்ணே, நீங்க பாக்க வேணாம். எனக்குத் தெரியும்."

"இல்லைப் பிள்ளை. சாவி என்னட்டைக் கிடக்கு. நாளைக்கு ஒரு துளி குறைஞ்சாலும் நான்தானே கள்ளன்."

"அவர் கள்ளன் இல்லை" என்றார் அக்கா, பால் காய்ச்சிக்கொண்டே. "கள்ளன் எண்டால் ஒரு கெட்டித்தனம் வேணும். தண்ணி விட்டுக் கோட்டைச் சரிக்கட்டத் தெரிஞ்சிருக்கும்."

ஏழாம் நாள் காலை, அக்கா விரதம் முடிக்கும் சமையலில் இருந்தபோது, நானும் அண்ணையும் வாளியைத் திறந்தோம். குளிரில் அவர் மூச்சு புகையாக வந்தது. பட்டினி கிடந்த முகம் ஒடுங்கியிருந்தது. மட்டம் கோட்டிலேயே நின்றது. மேலிருந்து பார்த்தால் வாளியின் அடி தெரிந்தது. அடியில் வெளிறிய மண் போல ஈஸ்ட் படிந்திருந்தது.

அவர் குழாயைப் பிடித்தார், நான் போத்தல்களை நிரப்பினேன். பதினெட்டு போத்தல். பிறகு அவர் கைகழுவி, உணவுக்கு உட்காரப் போனார். நான் ஸ்பிரிட்டை ஊற்றி அந்தக் கோட்டைத் தேய்த்தேன். முழுதாகப் போகவில்லை. நீலமாக ஒரு கறை நின்றது.

திங்கட்கிழமை

ஆலைக்காரர் முதல் போத்தலைத் திறந்தார். சத்தம் சன்னமாகத்தான் வந்தது. குவளையில் ஊற்றி, பின்னால் செய்தித்தாளை விரித்தார். தலைப்பை வாசித்தார். பிறகு குனிந்து, கீழே இருந்த சின்ன எழுத்தில் கால்பந்து ஆட்டத்தின் முடிவை, மெதுவாக, வாசித்தார்.

குடித்தார். நுரை போதாது என்றார். இன்னும் ஐந்து நாள் போத்தலில் இருந்திருக்க வேண்டும்.

"ஆமா" என்றேன். அவசரத்தில் தமிழிலேயே வந்துவிட்டது.

பட்டியலைக் கேட்டார். அதில் இரண்டு வரிகள் அடிக்கப்பட்டிருந்தன. பனங்கட்டி, தெளிவிப்பான். திருத்தி எழுதாமல் அடித்தபடியே கொண்டுபோயிருந்தேன். இரண்டாவதில் விரல் வைத்து, ஏன் என்று கேட்டார்.

சொன்னேன். வீடு விரதம் இருந்தது. அது மீன். ஆகவே கொட்டகை, ஆறு நாள் குளிர்.

சாவி யாரிடம் இருந்தது என்று கேட்டார். அதை ஏன் கேட்டார் என்று புரியவில்லை. பியர் விற்பவர்களுக்கு அந்தக் கேள்விதான் முதலில் வரும் போலும். விரதம் இருந்த ஒரு பஸ் ஓட்டுநரிடம் என்றேன். ஒரு துளி குறையவில்லை என்றும் சொன்னேன். கோட்டைப் பற்றிச் சொல்லவில்லை.

மறுபடி செய்வதானால் எதை வேறுமாதிரி வாங்குவாய் என்பது அவருடைய கடைசிக் கேள்வி. ஹாப்ஸைப் பற்றி ஒரு நீண்ட பதில் தயாராக இருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"முதலில் எங்கள் நாட்காட்டி ஒன்று வாங்குவேன்."

அவர் என் பட்டியலை நான்காக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். விசாவுக்கு என்ன கடிதம் வேண்டும், யாருக்கு எழுத வேண்டும் என்று கேட்டார். நான் ரயிலிலேயே அதற்கும் ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வரும் ரயிலில் இருக்கை காலியாக இருந்தது. உட்கார்ந்தேன். இரண்டு நிறுத்தம் தாண்டி எழுந்து நின்றுவிட்டேன்.

அக்கா கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்தார். "கிடைச்சிட்டுதோ?" என்றார். தலையசைத்தேன். "அப்ப வாடகை ஒழுங்கா வரும்" என்று சொல்லிவிட்டு, என் தோளை ஒரு முறை அழுத்திவிட்டுப் போனார்.

கொட்டகையில் பன்னிரண்டு போத்தல் மீதம் இருந்தது. ஒன்றை எடுத்து வந்து, வேலை முடிந்து வந்து மேசையில் இருந்த தயா அண்ணை முன்னால் வைத்தேன். "முதல் போத்தல் உங்களுக்குத்தாண்ணே."

அவர் அதைத் திறக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, போத்தலை வெளிச்சத்துக்கு உயர்த்திப் பிடித்தார். கழுத்திலிருந்து அடிவரை பார்த்தார். பிறகு மெதுவாகச் சுழற்றி மறுபக்கமும் பார்த்தார்.

"என்னண்ணே, கலங்கலா இருக்கா?"

"இல்லைப் பிள்ளை" என்றார். "கோட்டைத் தேடுறன்."